சனிக்கிழமை பிற்பகலில் எடுத்த மூளை அலைகள்

என் தனம் அக்காவுக்கு,

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சேகருக்கு ஒன்றும் இல்லை. டாக்டரம்மா பார்த்துச் சொல்லிவிட்டார்கள். பதினைந்து வயதுப் பையனுக்கு மூளை எப்படி இருக்க வேண்டுமோ அப்படித்தான் உன் பிள்ளைக்கும் இருக்கிறது. நலமா, சௌக்கியமா என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் கழித்து இதைச் சொன்னால் நீ பொறுப்பாயா? எனக்கே பொறுக்காது.

இனி நிதானமாக எழுதலாம். நிதானம் எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். முயற்சி செய்கிறேன்.

நீ போகும்போது நான் பாலிடெக்னிக்கில் ரேடியோ படித்துக்கொண்டிருந்தேன். எங்காவது ஒரு ரேடியோக் கடையில் உட்கார்ந்துவிடுவேன் என்று நினைத்திருப்பாய். இல்லை. நீ இருந்தபோதே வயலை மனை போட்டு விற்றார்களே, அந்தத் தில்லை நகரில் புதிதாகக் கட்டிய ஒரு மாடி வீட்டில் வேலை. கீழே சில மேசைகள், மேலே ஒரு மெஷின். தலையில் சின்னச் சின்ன வெள்ளி வட்டுகளைப் பசை வைத்து ஒட்டிக் கம்பி இழுத்துவிட்டால், மூளைக்குள் ஓடும் மின்சாரத்தைப் பேனாக்கள் காகிதத்தில் எழுதிக்கொண்டே போகும்; அந்தக் காகிதத்துக்குச் சார்ட் என்று பெயர். உள்ளே எதையும் செலுத்தாது. உள்ளே இருப்பதை வாங்கி எழுதும், அவ்வளவுதான். இதை வருகிற தாய்மார்களிடம் சொல்லிச் சொல்லி என் தொண்டை தேய்ந்துவிட்டது. ஆனாலும் தெருவில் எங்கள் இடத்துக்கு 'ஷாக் வீடு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ரிக்‌ஷாக்காரனிடம் அப்படிச் சொன்னால்தான் கொண்டுவந்து விடுகிறான்.

மெஷின் என் பொறுப்பு. ஆனால் அங்கே நடக்கிற உண்மையான வேலை ஆட்களைத் தயார் செய்வது. ஒரு பிள்ளை பன்னிரண்டு வயதுக்கு மேல் வளர்கிற காலத்தில் அதன் மூளை எப்படி முதிர்கிறது, மனசு எங்கே போய்ச் சிக்கிக்கொள்கிறது என்று ஆராய நம் பக்கத்தில் ஆள் கிடையாது. அதனால் பட்டம் வாங்கிய சில பேரைப் பொறுக்கியெடுத்துப் பழக்குகிறார்கள். சார்ட் படிக்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் வாத்தியார்களிடம் பேச வேண்டும், வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனிடம் கேட்க வேண்டும், பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து அது வாய் திறக்கும் வரை காத்திருக்க வேண்டும். இந்தக் கடைசி வேலைக்கு என்னை யாரும் கூப்பிடுவதில்லை. நியாயம்தான்.

மெட்ராஸிலிருந்து டாக்டரம்மா அவ்வப்போது வந்து பாடம் எடுப்பார்கள். மெஷின் பாடம் மட்டும் என்னுடையது. என் பாடம் சின்னது. சார்ட் கோணலாக வந்தால் முதலில் கம்பியைச் சந்தேகப்படு, அப்புறம் பசையை, அப்புறம் என்னை. பிள்ளையைக் கடைசியாகச் சந்தேகப்படு.

கேட்டார்களா?

பழகுகிறவர்களில் இரண்டு பேரை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவன் ரெங்கராஜன். ஸ்ரீரங்கத்துக்காரன், கணக்கில் எம்.ஏ. பெருமாளைச் சேவிக்காமல் பஸ் ஏற மாட்டான். ஒருத்தி ஜமீலா. பாலக்கரையிலிருந்து வருகிறாள், வீட்டில் சண்டை போட்டு பி.எஸ்ஸி. முடித்தவள். இந்த இரண்டு பேரும் ஒரு நாள் வாயாடாமல் இருந்தால் எங்களுக்கு மத்தியானச் சாப்பாடு இறங்காது.

நோயாளிப் பிள்ளையைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், நன்றாக இருக்கிற பிள்ளை எப்படி இருக்கும் என்று முதலில் தெரிய வேண்டும் அல்லவா? அதற்காகப் பள்ளிக்கூடங்களிலிருந்து பையன்களையும் பெண்களையும் வரவழைத்துச் சார்ட் எடுத்தோம். படிப்புக் கெடாமல் இருக்கச் சனிக்கிழமை பிற்பகல். நான் சேகரையும் அழைத்துக்கொண்டு போனேன்.

ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? நீ போனதிலிருந்து அவனுக்குப் பேச்சு குறைந்துவிட்டது. வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் நிமிர்கிறான் என்று வாத்தியார் அத்தானிடம் சொல்லியிருந்தார். உனக்கு முதல் வலிப்பு வந்ததும் இந்த வயதில்தான். அதற்கு முன்னால் நீயும் இப்படித்தான் கண் ஒரே இடத்தில் நிற்க, கையில் எடுத்த சோற்றோடு உட்கார்ந்திருப்பாய். நான் சின்னப் பையன். எனக்கு ஞாபகம் இருக்கிறது.

சார்ட் வந்தது. மெதுவான அலைகள். சின்னக் குழந்தைக்கு அலை மெதுவாக ஓடும், வளர வளர வேகம் கூடும். பதினைந்து வயதில் விழித்திருக்கிற பையனுக்கு அப்படி ஓடக் கூடாது. ரெங்கராஜன் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டான்.

அவனுக்கு ஒரே உற்சாகம். சேகர் மட்டுமில்லை, பாதிக்கு மேல் பையன்களுக்கு இதே மாதிரி. பெண்களுக்கு அநேகமாக எல்லாம் ஒழுங்கு. நம் ஊரில் ஆண் பிள்ளைகளின் மூளை பெண் பிள்ளைகளைவிட வருஷக் கணக்கில் தாமதமாக வளர்கிறது என்று கட்டுரை எழுதவே ஆரம்பித்துவிட்டான். ஜமீலா, "இதைக் கண்டுபிடிக்க மெஷின் எதுக்கு? எங்க அத்தம்மாவைக் கேட்டாலே சொல்லுவாங்க" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டாக்டரம்மா வந்தபோது சேகரின் சார்ட்டைத் தனியாக எடுத்துக் காட்டினேன். உன் வலிப்பைப் பற்றி, அக்கா, முதல் முறையாக ஒரு வெளி ஆளிடம் சொன்னேன். அவர்கள் உடனே முடிவு சொல்லவில்லை. வாத்தியார் சொன்னதையும் இந்தச் சார்ட்டையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகப்படத்தான் வேண்டும், அடுத்த முறை வரும்போது இன்னொரு சார்ட் எடுத்துப் பார்த்துவிட்டு மாத்திரை ஆரம்பிக்கலாம், அதுவரை சைக்கிள் வேண்டாம், ஆற்றுப் பக்கம் வேண்டாம் என்றார்கள்.

இதை நான் அத்தானிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை முடிந்து வந்து, ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரத்துப் பக்கம் வெற்றிலை வாங்கிக்கொண்டு நின்றார். அங்கேயே சொன்னேன். வீட்டுக்குள் வைத்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"அவளுக்கு வந்தது இவனுக்குமா?"

"சந்தேகம்தான் அத்தான். இன்னும் தீரல."

"நடராசா, நீ சந்தேகம்னு சொல்லி நான் கேட்டதே இல்லையேடா. ஆமா, இல்லைன்னுதானே பேசுவே."

அன்றைக்கே சைக்கிளைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனார். மீசை அரும்புகிற பையன், அக்கா. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு நிற்பான், அப்பாவை யாரென்றே தெரியாத மாதிரி. பொன்மலையில் அப்ரண்டிஸாகச் சேர வேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டிருந்தான். வலிப்பு என்று ஒரு வார்த்தை டாக்டர் சீட்டில் ஏறினால் அங்கே யார் எடுப்பார்கள்?

நான் மெஷினைப் பிரித்தேன். எனக்குத் தெரிந்தது அதுதான். வால்வுகளை மாற்றினேன், எர்த் கம்பியைத் தோண்டிப் புதிதாகப் புதைத்தேன், பேனாக்களைக் கழுவினேன். ஒரு திங்கட்கிழமை என் தலையிலேயே வட்டுகளை ஒட்டிக்கொண்டு ஜமீலாவை ஓட்டச் சொன்னேன். சார்ட் ஒழுங்காக வந்தது. மெஷினில் கோளாறு இல்லை. என் வாழ்க்கையில் ஒரு மெஷின் நன்றாக இருக்கிறது என்று கண்டுபிடித்ததற்காக வருத்தப்பட்டது அன்றைக்குத்தான். கம்பி இல்லை, பசை இல்லை, நான் இல்லை. அப்படியானால் பிள்ளைதானே மிச்சம்?

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகள் வரவில்லை, பரீட்சைக் காலம். ஜமீலா மாடிக் கூடத்தில் பையன்களின் சார்ட்டுகளைத் தரையில் விரித்து, சிவப்புக் கோடு விழுந்தவை ஒரு பக்கம், விழாதவை ஒரு பக்கம் என்று பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். விழாதவற்றின் பெயர்களைப் படித்தாள். அப்துல் ரஹீம், ஜோசப், காதர், அந்தோணி, சுல்தான், ஆரோக்கியசாமி. மறுபக்கம் சுப்பிரமணி, கோவிந்தன், முருகேசன், நம் சேகர்.

ரெங்கராஜன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். அவன் கொட்டாவியை அடக்கியது எனக்குத் தெரிந்தது. "மதத்துக்கு மதம் மூளை மாறும்னு சொல்றேளா? இதைக் கட்டுரையில எழுதினா ரெண்டு தரப்பும் சேர்ந்து உதைப்பா."

"மூளை மாறாது. வேற ஏதோ மாறுது" என்றாள் ஜமீலா. "ஒரு நாளைக்கு இவங்க செய்யாத எதை அவங்க செய்யறாங்க?"

அப்போதுதான் எனக்குப் பசை ஞாபகம் வந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் படுகிற பாடு அது. பையன்கள் தலையில் வட்டு நிற்காது, வழுக்கும். ஸ்பிரிட்டால் துடைத்துத் துடைத்துப் பஞ்சு மஞ்சளாகும். சீயக்காய் வாடை வேறு. ரஹீம் தலையிலும் அந்தோணி தலையிலும் நான் அப்படிப் போராடியதே இல்லை. பெண்களுக்கும் இந்த அளவுக்கு இல்லை.

சனி நீராடிவிட்டு வருகிறார்கள், அக்கா! வீட்டில் பொம்பளைப் பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை, ஆம்பளைப் பிள்ளைக்குச் சனிக்கிழமை. காலையில் உச்சி குளிர நல்லெண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, மிளகு ரசமும் சோறும் போட்டு, 'டாக்டர் வீட்டுக்குப் போறே, சுத்தமாப் போ' என்று அனுப்பிவைக்கிறார்கள். அந்தப் பையனைக் கொண்டுபோய் இருட்டு அறையில், சாய்வு நாற்காலியில், கண்ணை மூடு என்று சொல்லி உட்கார வைத்தால் என்ன ஆகும்? தூங்கவில்லைதான். கூப்பிட்டால் 'ம்' என்பான். ஆனால் முழுதாக விழித்தும் இல்லை. அந்தக் கிறக்கத்தில் யாருக்கும் அலை மெதுவாகத்தான் ஓடும். புத்தகம் எழுதிய வெள்ளைக்காரனுக்கு எண்ணெய்க் குளியல் தெரியாது. நமக்கு அது சோறு தின்கிற மாதிரி. அதனால் கண்ணில் படவில்லை.

நான் ரெங்கராஜனைத் திரும்பிப் பார்த்தேன். தலை பளபளவென்று இருந்தது.

"நீங்க இன்னைக்குக் குளிச்சீங்களா?"

"என்ன கேள்வி இது? சனிக்கிழமை எங்காத்துல எண்ணெ தேச்சுக்காம யாரு விடுவா?"

பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தோம். வட்டு வழுக்கியது, துடைத்து ஒட்டினேன். விளக்கை அணைத்துச் சற்று நேரம் ஆனதும் பேனாக்கள் சோம்பலாக ஆட ஆரம்பித்தன. சுப்பிரமணிக்கு வந்த அதே அலை. ஜமீலா சிவப்புப் பென்சிலை எடுத்து ஓரத்தில் ஒரு கோடு போட்டு, "எம்.ஏ. படிச்ச பையன். மூளை வளர்ச்சி கொஞ்சம் தாமதம்" என்று வாய்விட்டுப் படித்தாள். உள்ளே இருந்து அவன், "காதுல விழறது" என்றான். குரலில் பாதித் தூக்கம்.

அவனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எழுதி வைத்திருந்த கட்டுரையைத் தானே கிழித்தான். யாரும் சொல்லவில்லை.

ஆனால் ஒரு ரெங்கராஜன் தூங்கி விழுந்ததால் சேகருக்கு ஒன்றும் இல்லை என்று ஆகிவிடுமா? டாக்டரம்மாவுக்கு எழுதினோம். சிவப்புக் கோடு விழுந்த அத்தனை பையன்களுக்கும் ஒரு வியாழக்கிழமை காலையில் சார்ட் எடுங்கள், அந்த வாரம் யாருக்கும் எண்ணெய் வேண்டாம், சார்ட்டில் பெயரை மறைத்து வையுங்கள், நான் வந்து படிக்கிறேன் என்று பதில் வந்தது.

வீடு வீடாகப் போய்ச் சொன்னோம். மற்ற வீடுகளில் எல்லாம் ஒத்துக்கொண்டார்கள். நம் வீட்டில்தான் சண்டை. அத்தான் முடியவே முடியாது என்றார். உடம்பு சூடு ஏறிவிடும், கண் எரியும். நான் கத்தினேன். உங்கள் எண்ணெய்தான் அவனை நோயாளி ஆக்கிக் காட்டியது என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உனக்குத் தெரியாது, அக்கா. நீ போன பிறகு ஒரு சனிக்கிழமை தவறியதில்லை. ஷிப்டு மாற்றிக்கொண்டாவது வந்து, அவரே பையன் தலையில் எண்ணெய் வைத்துத் தேய்ப்பார். பொன்மலையில் இரும்போடு மல்லுக்கட்டுகிற கை. சேகருக்கு வெட்கமாக இருந்தாலும் உட்கார்ந்துகொள்வான். அந்த வேளையில்தான் இரண்டு பேரும் கொஞ்சம் பேசுவார்கள்.

கடைசியில், "வியாழக்கிழமை சாயங்காலம் வச்சுவிடலாமா?" என்று கேட்டார். வையுங்கள் என்றேன்.

டாக்டரம்மா கண்ணாடியை ஏற்றி இறக்கிச் சார்ட்டுகளைப் படித்ததை நான் வாசலில் நின்று பார்த்தேன். உள்ளே வரச் சொன்னார்கள், போகவில்லை. ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்துக்கொண்டே வந்தார்கள். ஒன்றில் மட்டும் நின்றார்கள். அது மருங்காபுரியிலிருந்து வந்து இங்கே ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற ஒரு பையன். அவனுக்கு நிஜமாகவே கோளாறு; மருந்து ஆரம்பித்துவிட்டார்கள், இப்போது தேவலை. மற்றவர்கள் எல்லாரும் சாதாரணம். பெயரைப் பிரித்த பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

"நடராஜன், உங்க மருமகன் நல்லா இருக்கான். அந்தப் பழைய சார்ட்டை நம்பி நான் மாத்திரை கொடுத்திருந்தா, வருஷக்கணக்கா அரைத் தூக்கத்துலயே இருந்திருப்பான்."

நாளைக்கு வரவே வராது என்று யாரும் எழுதித் தர முடியாது என்பதையும் அவர்களே சொன்னார்கள். அதையும் அப்படியே அத்தானிடம் சொன்னேன். அவர் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பையன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் வகுப்பில் ஏன் அப்படி உட்கார்ந்திருக்கிறான் என்ற கேள்வி நின்றுவிட்டது. மூளையில் இல்லை என்றால் எங்கே இருக்கிறது? அது ஜமீலாவின் பாடம். அவள் சேகரோடு பல நாள் பேசினாள். என்ன பேசினார்கள் என்று என்னிடம் சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள். அதுவும் அவர்கள் கற்றுக்கொள்கிற முறையில் ஒன்று. ஒரு நாள் அவனையே என்னிடம் அழைத்துவந்து, "என்கிட்ட கேட்டதை மாமாகிட்டயே கேளுப்பா" என்று சொல்லிவிட்டுக் கீழே போனாள்.

அவன் மெஷினைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "முழங்கால் தண்ணியில வழுக்கி விழுந்து ஒருத்தர் சாக முடியுமா, மாமா?"

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது.

நீ கால் வழுக்கி விழுந்தாய் என்றுதான் நாங்கள் ஊருக்குச் சொன்னோம். வலிப்பு என்ற வார்த்தை வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்பது அப்பா காலத்து ஏற்பாடு. உன் கல்யாணத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. அத்தான் தெரிந்துதான் கட்டிக்கொண்டார், அவரும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குப் படித்துறையில் முழங்கால் தண்ணீர்தான். வழுக்கி விழுந்தால் எழுந்து நிற்கலாம் என்று எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் அவனிடம் சொல்லியிருக்கிறான், உங்கம்மா தானாகப் போய் முங்கிக்கிட்டாங்களாம் என்று. இவன் அதை நம்பிக்கொண்டு இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்திருக்கிறான். அம்மா ஏன் போனாள், நான் என்ன செய்தேன் என்று.

நான் சுற்றி வளைக்கவில்லை. "உங்கம்மாவுக்கு வலிப்பு இருந்துச்சு. பதினஞ்சு வயசுலேர்ந்து. அன்னைக்குத் தண்ணியில நிக்கறப்ப வந்துடுச்சு. பக்கத்துல துணி துவைச்ச ஒரு பொம்பளை கண்ணால பாத்தாங்க, கை இழுத்துக்கிட்டு விழுந்ததை. வெளியில சொல்லாதீங்கன்னு நாங்கதான் அவங்களைக் கேட்டுக்கிட்டோம். ஓடி வந்து தூக்கறதுக்குள்ள போயிடுச்சு. அவ வேணும்னு போகலடா."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

மெஷினின் பேனாக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். அப்புறம், "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல, மாமா" என்றான். கோபமாக இல்லை. நாங்கள் ஏன் சொல்லவில்லை? உனக்குத் தெரிந்தால் சொல்.

இப்போது பேசுகிறான். கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறான். அத்தான் புகார் சொல்கிறார். வாத்தியார் ஒரு தடவை கூப்பிட்டாலே எழுந்துவிடுகிறானாம்.

இந்த மாதம் எங்களிடம் பழக அடுத்த குழு வந்து சேர்ந்தது. குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் இருந்தது என்று எப்படிக் கேட்பது என்பதை ஜமீலா அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். கேட்டுப் பழக ஒரு ஆள் வேண்டும் என்றாள். சேகர் நான் வருகிறேன் என்றான். முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தான். புதிதாக வந்த பெண் ஒருத்தி, நோட்டைப் பார்த்துக்கொண்டே, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டாள். "ஃபிட்டர். பொன்மலை." அம்மா? "இல்லைங்க. இறந்துட்டாங்க." அந்தப் பெண் அடுத்த கேள்வியைக் கேட்கத் தயங்கினாள். ஜமீலா எடுத்துக்கொடுக்கவில்லை. நான் கம்பியைச் சுருட்டுவதுபோல் பின்னால் நின்றேன்.

சேகரே சொன்னான். "எங்கம்மாவுக்கு வலிப்பு இருந்துச்சுங்க. ஆத்துல குளிக்கறப்ப வந்து இறந்துட்டாங்க. எனக்கு இல்லை. எழுதிக்குங்க."

அப்பா ஃபிட்டர் என்று சொன்ன அதே குரலில் சொன்னான், அக்கா.

அதனால்தான் இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். உன் பெயரோடுதான். அத்தானிடம் படித்துக் காட்டினேன், அனுப்பு என்றார். இனி யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், உனக்கு என்ன இருந்தது, நீ எப்படிப் போனாய் என்று உள்ளது உள்ளபடி சொல்வேன். நீ விழுந்தாய் என்றோ வழுக்கினாய் என்றோ என் வாயில் வராது. இது நான் உனக்குத் தருகிற வாக்கு.

உன் தம்பி,
சேகரின் மாமன்,
நடராஜன்